தாராவிப் பிள்ளைகளுக்குத் தெருநாய் வகுப்பு: என்ன சொல்லிக் கொடுப்பது?

#1 காப்பகத்து அக்கா

எல்லோருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில். அப்பாவுக்கு ஊர் நாங்குநேரி பக்கம். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய் வேலை செய்கிறேன். நாய்களைக் குளிப்பாட்டுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, கூண்டு கழுவுவது, இவ்வளவுதான். இப்போது அங்கே பள்ளிகளுக்கும் கல்லிகளுக்கும் (இங்கே சந்துகளை அப்படித்தான் சொல்வோம்) போய்ப் பிள்ளைகளிடம் பேசும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இந்திக்கும் மராத்திக்கும் ஆள் இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் முதல் வகுப்பு எடுத்தேன், மோசமாகப் போனது. ஒரே அறையில் 60 பிள்ளைகள். காப்பகத்திலேயே சாதுவான ஒரு வயதான பெண் நாயைக் கூட்டிப் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் ஒரே கூச்சல். அது மேசைக்கு அடியில் போய் ஒண்டி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. பிள்ளைகள் வரிசையாக வந்து தடவினார்கள், ஃபோட்டோ எடுத்தோம். அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், நாயின் காது மட்டும் பின்னால் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஒரு குட்டியின் வாலில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி ஓடவிடுவதைப் பார்த்தேன். அன்பாக இருங்கள் என்று நாற்பது நிமிடம் பேசியது எங்கே போனது என்று தெரியவில்லை.

அடுத்ததாக எங்கள் கல்லியிலேயே எடுக்கச் சொல்கிறார்கள். என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 செம்பூர் டீச்சர்

தங்கச்சி, முதலில் ஒன்று. நாயை வகுப்புக்குக் கொண்டு போகாதே. அது பயந்து நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே அதைத் தடவச் சொன்னால், நாய் பயந்தாலும் பரவாயில்லை, நமக்கு ஆசை இருந்தால் தொடலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். வால் பாட்டில் விவகாரம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் பள்ளிக்கு முயல் கொண்டுவந்தவள்.

இரண்டாவது, 60 பேர் வேண்டாம். 15 பேர் போதும். ஒரு தடவை போய்ப் பெரிதாகச் செய்வதைவிட ஒரே கல்லிக்கு ஆறு தடவை போ. 27 வருடம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். 'அன்பு' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். உங்கள் கல்லியில் எத்தனை நாய், அதில் எது குட்டி போட்டிருக்கிறது, ராத்திரி எது எங்கே படுக்கும் என்று கேட்டுப் பார். அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள், நீ வாயே திறக்க வேண்டியிருக்காது.

#3 லேபர் கேம்ப் அப்பா

எல்லோரும் நாய்க்குப் பரிந்து பேசுகிறீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடம் முன்னால் என் மகனை, அப்போது அவனுக்கு ஒன்பது வயது, கல்லி முனையில் ஒரு நாய் கடித்தது. கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கியிருந்தது. நான்கு நாள் அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. நீளக் கால்சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். குளிக்கும்போது அவன் அம்மா பார்த்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு டிடி ஊசி (ரணஜன்னிக்குப் போடுவது) போட்டு, போதும் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்தான், இது நாய்க்கடி ஊசி இல்லையப்பா என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அதன் பிறகு இருபத்தெட்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் நாய்மேல் அன்பு காட்டு என்று யாராவது அவனிடம் பேச வந்தால் எனக்குக் கோபம் வரும்.

#4 சயான் நர்ஸ்

அண்ணா, உங்கள் கோபத்தில் ஒரு நியாயமும் குறையவில்லை. நான் ஊசி அறையில் வேலை பார்க்கிறவள். நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் வாரத்துக்கு ஒரு முறை என் முன்னால் நடக்கிறது.

அக்கா, உங்கள் வகுப்பில் வேறு எதற்கும் நேரம் இல்லாமல் போனாலும் இதை மட்டும் விடாதீர்கள். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அறிகுறிக்கு முன்னால் ஒழுங்காக ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாக வருகிறது, கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது உங்கள் வகுப்பில் உட்காரும் அதே பிள்ளைகள்.

கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நாய் நக்கினாலோ முதல் வேலை சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. தோலில் போடும் முறை என்றால் கடிபட்ட அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்றால் புண்ணைச் சுற்றியே சீரமும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்து) போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்குக் காசு வாங்குவதில்லை. பூனை, குரங்கு கீறினாலும் இதே கதைதான். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று வீட்டில் உட்காராதீர்கள். முதல் ஊசியைப் போட்டுவிட்டு நாயைக் கவனியுங்கள்.

#5 காப்பகத்து அக்கா

லேபர் கேம்ப் அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. ஒன்று கேட்கலாமா? தம்பி ஏன் மறைத்தான் என்று பிறகு எப்போதாவது சொன்னானா?

#6 லேபர் கேம்ப் அப்பா

சொன்னான் தங்கச்சி. இரண்டு காரணம். முதல் நாள் அந்த நாய்மேல் கல்லெறிந்தவன் அவன்தான். அது தெரிந்தால் நான் பெல்ட்டை எடுப்பேன் என்று பயம். எடுத்திருப்பேன், பொய் சொல்லவில்லை. இரண்டாவது, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பெரிய பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நாய் வெறிநாய் இல்லை, அதற்குப் பிறகும் பல மாதம் அங்கேதான் திரிந்தது. அது எனக்கு அப்போது தெரியாதே.

#7 சயான் நர்ஸ்

அந்த 14 ஊசி கதை இன்னும் சாகவில்லை. அது பழைய மருந்து. ஆட்டு மூளையிலிருந்து எடுத்ததை வயிற்றில் தினமும் போட்டார்கள், நம் ஊர்க்காரர்களுக்குக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் என்றால் அதுதான் ஞாபகம். 2005-க்குள் நாடு முழுவதும் நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில், சின்ன ஊசி. இருபது வருடமாக இல்லாத ஒரு ஊசிக்குப் பயந்து பிள்ளைகள் கடியை மறைக்கிறார்கள். வயிற்றில் ஊசி கிடையாது என்பதை வகுப்பில் முதல் வரியாகச் சொல்லுங்கள் அக்கா.

#8 அண்ணாச்சி கடை

நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். கடை வைத்து 31 வருடம். ஏழு நாய்க்குச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சோறு வைக்கிறேன், குழாயடிப் பக்கம். ஊரில் எங்கள் வீட்டில் கன்னி இன நாய் இருந்தது, ராத்திரி ஆடு காவலுக்கு. நாய் இல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் ஜீவகாருண்யம் பேசினால் நல்லதுதான். ஆனால் சோறு வைக்கிற என்னோடு தினமும் சண்டைக்கு வருகிற பெரியவர்களுக்கு யார் வகுப்பு எடுப்பது?

#9 செம்பூர் டீச்சர்

அண்ணாச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள், ஒரு கேள்வி. ஆறு மணிக்குக் குழாயடியில் என்றால் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் அந்த வழியாகத்தானே வருவார்கள்? ஏழு நாய் தட்டில் வாய் வைத்திருக்கும்போது சின்னப் பிள்ளைகள் நடுவில் ஓடினால் என்ன ஆகும்?

#10 சட்டம் படிக்கிறவன்

டீச்சர் கேட்டதைத்தான் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. தெருநாய்க்குச் சோறு போடலாம், அதற்கென ஒதுக்கிய இடத்தில். அந்த இடம் பிள்ளைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பிள்ளைகளும் வயதானவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகவும் இருக்க வேண்டும்.

அப்புறம், எல்லா நாயையும் பிடித்துப் போடச் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே என்று இங்கே யாராவது கேட்பார்கள். 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லிப் பகுதிக்கு அப்படி ஓர் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநாயும் மூர்க்கமான நாயும் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 7-இல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்குள் இருக்கும் நாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கே விடக் கூடாது என்றார்கள். நம் கல்லி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் நாயோடு ஒரே தெருவில்தான் வளரப் போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. மிருகவதைத் தடைச் சட்டம் 1960-இல் வந்ததற்கு நம் ருக்மிணி தேவி அருண்டேல்தான் காரணம். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக அவர் கொண்டு வந்ததிலிருந்து தொடங்கியது அது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான், வாரியம் இருந்ததும் சென்னையில். நாட்டியம் என்று மட்டும் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

#11 லேபர் கேம்ப் அப்பா

சட்டம் சரி தம்பி. பிடித்து, ஆபரேஷன் செய்து, திரும்ப அதே இடத்தில் விட்டால் அந்த நாய் கடிக்காதா? யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

#12 பரேல் பக்கம்

நான் சொல்லிப் பார்க்கிறேன் அண்ணா. நாய் பிடிக்கும் வண்டியோடு கொஞ்ச காலம் போயிருக்கிறேன்.

நாயை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. குப்பையும் மீன் கழிவும் இருக்கிறவரை பக்கத்துத் தெருவிலிருந்து வேறு நாய் வரும். அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, உங்கள் பிள்ளையின் முகமும் அதற்குத் தெரியாது. மும்பையில் 1990-களின் தொடக்கம் வரை நாய்களைக் கொன்றுதான் பார்த்தார்கள், எண்ணிக்கை குறையவில்லை. கருத்தடை ஆன நாய் குட்டி போடாது. குட்டி உள்ள தாயும், பருவத்தில் பெண் நாயைச் சுற்றும் கூட்டமும்தான் அதிகம் கடிக்கிறவை, அது இரண்டும் குறையும். கடிக்கவே கடிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நாய்களுக்குள் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும். கோவாவில் அதைச் செய்தார்கள், வீடு வீடாக, தெருத் தெருவாக ஊசி, கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. 2021-இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவித்தார்கள்.

அக்காவுக்கு: நாயின் உடம்பைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். வால் ஆடினால் சந்தோஷம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. விறைத்து மேலே நிற்கும் வால் ஒரு எச்சரிக்கை. வாலை இடுக்கிக்கொண்டு, காதைப் பின்னால் ஒட்டி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் பயம். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் கிட்டப் போகாதே. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், இந்த மூன்றையும் தொடவே கூடாது. துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி நில், கையைக் கட்டிக்கொள், உன் காலைப் பார். கீழே விழுந்துவிட்டால் உருண்டையாகச் சுருண்டு, காதையும் கழுத்தையும் கையால் மூடு. பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, நீங்களே நாயாக நடித்துப் பழக்குங்கள். வாயால் சொன்னால் அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

#13 அண்ணாச்சி கடை

டீச்சர் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். முந்தாநாள் முதல் ராத்திரி பத்தரைக்கு, கடை ஷட்டர் இறக்கின பிறகு, பின்பக்கம் பிளாஸ்டிக் கோடவுன் சுவர் ஓரம் வைக்கிறேன். முதல் நாள் ஏழும் ஆறு மணிக்கே குழாயடியில் வந்து காத்திருந்தன, பார்க்க மனது கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டன. எதிர்வீட்டு அம்மா இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மூன்று வருடத்தில் முதல் தடவை.

#14 காப்பகத்து அக்கா

நேற்று வகுப்பு முடிந்தது. 14 பிள்ளைகள், நாய் இல்லை, ஃபோட்டோ இல்லை. விவரமாகவே எழுதுகிறேன், நீங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த வகுப்பு அது.

தண்ணீரிலிருந்து தொடங்கினேன். நர்ஸ் 15 நிமிடம் ஓடும் தண்ணீர் என்று சொன்னதைப் படித்தபோதே எனக்கு உறுத்தியது. எங்கள் கல்லியில் குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் டிரம் தண்ணீர். அதனால் வீட்டில் நானே செய்து பார்த்தேன். மக்கில் மொண்டு மெதுவாக விடாமல் ஊற்றினால் 15 நிமிடத்துக்கு இரண்டு பக்கெட் ஆனது. வகுப்பில் ஒரு பிள்ளையின் காலில் பேனாவால் பல் அடையாளம் போட்டு, இன்னொரு பிள்ளையை ஊற்றச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் 'போதும் அக்கா' என்றார்கள். கைபேசியில் நேரத்தைக் காட்டினேன். முழு 15 நிமிடமும் செய்தோம். தண்ணீரைக் கொட்டுகிறாள் என்று வாசலில் நின்ற இரண்டு அம்மாக்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு எதற்கென்று கேட்டு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். டிரம்மில் தண்ணீர் குறைந்தால் திட்டப் போகிறவர் அம்மாதானே, அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் டீச்சர் சொன்னபடி, தரையில் சாக்பீஸால் கல்லியை வரைந்தார்கள். அந்தக் கல்லியில் முப்பது வருடம் இருக்கிறவள் நான், எனக்கு ஐந்து நாய் தெரியும். பிள்ளைகள் 11 நாயைக் காட்டினார்கள். காலியா, மொட்டை, வெள்ளச்சி, டைகர் என்று எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. தள்ளுவண்டிக்கு அடியில் படுப்பது எது, பைக்கைத் துரத்துவது எது என்று அத்தனையும் தெரிந்திருக்கிறது. காது நுனியில் வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆன நாய், அன்றைக்கு ஊசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அந்த ஊசியை வருடா வருடம் போட வேண்டும் என்று சொன்னேன். எட்டிப் பார்க்க எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான்கு நாய்க்குத்தான் வெட்டு இருக்கிறது. மீதி ஏழு. அந்தப் பட்டியலை அப்படியே காப்பகத்தில் கொடுத்தேன், அடுத்த வாரம் வண்டி வருகிறது. 'வெள்ளச்சியைப் பிடிக்கக் கூடாது, குட்டி பால் குடிக்கிறது' என்று ஒரு பெண் எழுந்து நின்று சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

பாட்டில் கட்டிய பையன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மரம் மாதிரி நிற்கும் விளையாட்டில் அவர்களையே நாயாக நடிக்கச் சொன்னேன். ஒருவன் சுவர் மூலையில் ஒடுங்கி, கையை வால் மாதிரி இடுக்கிக்கொண்டு காட்டினான். அவ்வளவு சரியாக நாங்கள் யாரும் செய்யவில்லை. பயந்த நாய் எப்படி இருக்கும் என்பதை அவன் எங்கே பார்த்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விளையாட்டு முடிந்து போகும்போது அவன் என் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றான், பிறகு போய்விட்டான்.

கடைசியில், லேபர் கேம்ப் அண்ணா, உங்கள் மகன் கதையைப் பெயர் இல்லாமல் சொன்னேன். கடித்தால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று அந்த இரண்டு அம்மாக்களையும் பிள்ளைகள் முன்னால் சொல்ல வைத்தேன். வயிற்றில் ஊசி கிடையாது என்பதை மூன்று தடவை சொன்னேன். எல்லோரும் கலைந்த பிறகு ஏழு வயதுப் பையன் ஒருவன் மட்டும் போகாமல் நின்றான். சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினான். முழங்கைக்குக் கீழே ஒரு கீறல், காய்ந்து போயிருந்தது. ஐந்து நாள் ஆகிறதாம்.

அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் ஊசி போட்டாயிற்று.

#15 சயான் நர்ஸ்

ஐந்து நாள் தாமதம் என்றாலும் போட்டது போட்டதுதான் அக்கா, நல்ல வேளை. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். 28-ஆம் நாள் ஊசிக்குத்தான் நிறையப் பேர் வருவதில்லை, புண் ஆறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

#16 லேபர் கேம்ப் அப்பா

என் மகனிடம் இதைப் படித்துக் காட்டினேன். அடுத்த வகுப்புக்குத் தானே வந்து சொல்கிறேன் என்கிறான், பெயரோடு. நானும் வருகிறேன். எங்கே, எத்தனை மணிக்கு?

#17 காப்பகத்து அக்கா

அண்ணா, சனிக்கிழமை மாலை 4 மணி. அண்ணாச்சி கடையில் வந்து கேளுங்கள், கூட்டி வருவார். மழை பெய்தால் கடைத் திண்ணையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ், நான்கு தேதியையும் அந்தப் பையன் வீட்டுக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டேன். அவன் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன், அவள்தான் வெள்ளச்சிக்காக எழுந்து நின்றவள். டீச்சர், நீங்களும் வர முடியுமா? பக்கெட் என்னிடம் இரண்டுதான் இருக்கிறது, யாராவது இன்னொன்று கொண்டு வந்தால் நல்லது.